கேனன் 50 எம்எம் 1.8 எஸ்டிஎம்: முகம் எடுத்துப் பழகுவதற்கு

கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே விற்கும் 18-55 எம்எம் லென்ஸ்) வந்த கேனன் கேமரா வைத்திருக்கிறீர்கள், பொழுதுபோக்காகத்தான் படம் எடுக்கிறீர்கள், இனி மனித முகங்களை நன்றாக எடுக்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது என்றால், கேனன் இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸைத் தயங்காமல் வாங்கலாம். கடைக்குக் கடை விலை மாறும். புதிது பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கும். அந்தப் பணத்துக்கு முகம் எடுக்க இதைவிடப் பயனுள்ள சாமான் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் வாங்கிய கையோடு 1.8இல், அதாவது லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து வைத்தே (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்), எல்லாவற்றையும் எடுக்க ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் லென்ஸ் மேலேயே வெறுப்பு வந்துவிடும். இந்த எச்சரிக்கையைக் கணக்கோடு சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கேமரா கேனன் 200டி. கடைக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் காலை வெளிச்சமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் எனக்கு உள்ள நேரம். நான் எடுப்பதெல்லாம் பக்கத்து மனிதர்களை: வாடகைக்கு இருக்கும் வீட்டு ஆச்சி, அயித்தை, தெருவில் கீரை விற்க வரும் அப்பத்தா, சைக்கிள் கடைப் பெரியவர். இந்த லென்ஸ் அவர்கள் முகத்தை எப்படித் தருகிறது என்பதை வைத்துத்தான் என் மதிப்பீடு.

முதலில் லென்ஸைப் பற்றி. இது 2015இல் வந்தது. அதற்கு முன் இருந்த 50 எம்எம் 1.8 இரண்டாம் வடிவம் 1990இலிருந்து விற்றுக்கொண்டிருந்தது. அதில் கேமராவோடு பூட்டும் வளையமே பிளாஸ்டிக், அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) இதழ்கள் ஐந்து. இதில் பூட்டு உலோகம், இதழ்கள் ஏழு, அவையும் வளைந்தவை. அதனால் பின்னால் இருக்கும் விளக்கோ இலை இடுக்கு வெளிச்சமோ மங்கும்போது வட்டமாக, மென்மையாக விழுகிறது. முன்பு 45 செ.மீ. வரைதான் நெருங்க முடியும், இதில் 35 செ.மீ. எடை 160 கிராம். முன்னால் போடும் ஃபில்ட்டர் 49 எம்எம். பழைய வடிவம் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் அதை வாங்குகிறார்கள். வேண்டாம். கொஞ்சம் கூடப் போட்டாவது இதையே வாங்குங்கள்.

200டி போன்ற சின்ன சென்சார் கேமராவில் 50 எம்எம் லென்ஸ், ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சார் கேமராவின் 80 எம்எம் போலப் பார்க்கும். முகத்துக்கு இது மிக நல்ல அளவு. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று கேமராவை நெடுக்காகப் பிடித்தால் ஏறக்குறைய 67 செ.மீ. உயரம் படத்துக்குள் வரும். தலையும் தோளும் மார்பில் கொஞ்சமும் அடங்கிவிடும். கிட் லென்ஸை 18இல் வைத்து முகத்துக்குப் பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடுகிறதே, அது லென்ஸின் குறையில்லை. நாம் நிற்கும் தூரம் செய்யும் வேலை. 50 எம்எம் நம்மைத் தானாகவே பின்னால் தள்ளி நிறுத்துகிறது. முகம் வீட்டாருக்குத் தெரிந்த முகமாகவே வருகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. நிற்கும் ஆளை உச்சி முதல் பாதம் வரை எடுக்க நாலு மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். ஒரு படுக்கையறை ஃபிளாட்டில் அது நடக்காத காரியம். வீட்டுக்குள் குடும்பம் மொத்தத்தையும் எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த லென்ஸ் உதவாது, கிட் லென்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் செட்டிநாட்டு வீட்டின் வளவு கிடைத்திருப்பது பெரிய பேறு. நடுவில் வானம் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். வெயில் நேராக இறங்காத காலை நேரத்தில் தூணுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்தால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வழியும் வெளிச்சத்துக்கு எந்த ஸ்டுடியோவும் ஈடாகாது. உங்கள் வீட்டில் வளவு இல்லையென்றால் வடக்குப் பார்த்த சன்னல், அல்லது நிழல் விழுந்த வாசல்படி போதும்.

இப்போது ஃபோகஸ். இதில்தான் பழக்கம் முழுக்க இருக்கிறது.

ஒன்றரை மீட்டரில், எஃப் 1.8இல், 200டி சென்சாரில் கூர்மையாக வரும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் 3 செ.மீ.கூட இல்லை. கண்ணிமைக்கும் காதுக்கும் நடுவே பத்து செ.மீ. இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விட்டு லேசாக முன்னால் சாய்ந்தாலே ஃபோகஸ் கண்ணிலிருந்து நழுவிவிடும். எஃப் 2.8க்கு வந்தால் அதே ஒன்றரை மீட்டரில் ஆழம் 9 செ.மீ.க்கு மேல். எஃப் 4இல் ஏறக்குறைய 14. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கேமராப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நிறையக் குழப்பம் தீர்ந்துவிடும். என் கையில் இந்த லென்ஸ் பெரும்பாலும் 2.8இல்தான் இருக்கிறது. கூர்மையும் 1.8ஐவிட அங்கே தெளிவாகக் கூடுகிறது. பின்னால் இருக்கும் தூண்கள் அப்போதும் கரைந்துதான் தெரிகின்றன.

அடுத்தது, ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கேமராவிடம் விடாதீர்கள். தானியங்கியாக விட்டால் அது பொதுவாகப் பக்கத்தில் இருப்பதையும் பளிச்சென்று வேறுபட்டுத் தெரிவதையும் பிடிக்கப் பார்க்கும். நம் ஊர் முகங்களில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. நெற்றிப் பொட்டு, மூக்குத்தி, கண்ணாடியின் கறுப்பு ஃபிரேம், திருநீற்றுக் கோடு. எல்லாமே கண்ணுக்கு ஒன்று, இரண்டு செ.மீ. முன்னால் இருப்பவை. 1.8இல் ஒரு மீட்டருக்கு நெருங்கி நின்றால் அந்த இரண்டு செ.மீ. போதும், கண் மங்கிப் போக. ஆகவே ஒரே புள்ளி, அதுவும் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணின் மேல். கண்ணாடி போட்டவர் என்றால் ஃபிரேமை விட்டுக் கருவிழியின் ஓரத்தில் வையுங்கள்.

200டியின் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளை) ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள். அவற்றில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கு வகை, அதாவது படுக்கைக் கோடு, நிலைக் கோடு இரண்டையும் பார்க்கும். மங்கல் வெளிச்சத்தில் ஓரப் புள்ளிகள் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். நடுப்புள்ளி சட்டென்று பிடித்துவிடும். அதனால் பலரும் நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்து, பட்டனைப் பாதி அழுத்தி, பிறகு கேமராவைத் திருப்பிப் படத்தை அமைக்கிறார்கள். தூரத்தில் இருப்பவற்றுக்கு இது சரி. பக்கத்து முகத்துக்கு இதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. ஒன்றரை மீட்டரில் கேமராவைப் பத்து டிகிரி திருப்பினால் கூர்மைத் தளம் கண்ணுக்குப் பின்னால் சுமார் 2 செ.மீ. தள்ளிப் போய்விடும். ‘ஃபோகஸ் சரியாகத்தான் வைத்தேன், ஆனால் காதோரம்தான் கூர்மையாக வருகிறது’ என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. லென்ஸைக் குறை சொல்லும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள். கேமராவை நெடுக்காகப் பிடித்து, கண் விழும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் திருப்ப வேண்டிய கோணம் குறையும், பிழையும் குறையும்.

இன்னும் நல்ல வழி லைவ் வியூ, அதாவது பின்திரையைப் பார்த்தே எடுப்பது. வியூஃபைண்டர் ஃபோகஸ் தனி சென்சார் ஒன்றை நம்பி நடக்கிறது. அதற்கும் படம் பதியும் சென்சாருக்கும் இம்மியளவு பொருத்தம் குறைந்தாலும் எப்போதும் முன்னாலேயோ எப்போதும் பின்னாலேயோதான் ஃபோகஸ் விழும். விலை கூடிய பாடிகளில் அதைத் திருத்திக்கொள்ளும் வசதி உண்டு, 200டியில் கிடையாது. லைவ் வியூவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தத் தொல்லை இல்லை. திரையைப் பக்கவாட்டில் விரித்து, ஒற்றைப்புள்ளியில் வைத்து, கண்ணை விரலால் தொட்டால் போதும். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறொன்று: கேமரா என் முகத்தை மறைப்பதில்லை. கீரை அப்பத்தாவோடு பேசிக்கொண்டே எடுக்கலாம். “எம்புட்டு நேரந்தான்த்தா அந்தப் பெட்டியவே பாப்ப, என்னயப் பாரு” என்று அவர் அதட்டும் அந்த நொடியில்தான் முகம் தன்னியல்பாக இருக்கிறது. 2019இல் வந்த 200டி இரண்டாம் வடிவம் வைத்திருப்பவர்களுக்கு லைவ் வியூவில் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதியே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பழகும் முறைக்கு வருகிறேன். முதலில் அசையாத பொருள். சன்னல் திட்டில் மருந்துப் பாட்டில்களைச் சாய்வாக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்து, நடுப் பாட்டிலின் லேபிளில் ஃபோகஸ் வைத்து 1.8, 2.8, 4, 5.6 என்று எடுங்கள். எந்த எழுத்து படிக்க முடிகிறது, எது முடியவில்லை என்பதைக் கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் பின்திரையில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். பிறகு உட்கார்ந்திருக்கும் ஆள், நேர்முகம். அதன்பின் முகத்தைச் சற்றுத் திருப்பி, பக்கத்துக் கண்ணில். கடைசியாகத்தான் நடக்கிறவர்கள், குழந்தைகள். அவர்களுக்கு ஏஐ செர்வோவுக்கு, அதாவது அசைபவரை விடாமல் தொடரும் ஃபோகஸுக்கு, மாற்ற வேண்டும். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்து, கட்டைவிரல் படும் நட்சத்திர பட்டனுக்குக் கஸ்டம் ஃபங்ஷன் மெனுவில் மாற்றிவிட்டால், ஃபோகஸ் பிடிப்பதும் படம் எடுப்பதும் தனித்தனி விரலுக்குப் போய்விடும். கை பழகக் கொஞ்ச காலம் எடுக்கும். பழகிய பின் திரும்பிப் போக மனம் வராது.

எல்லா முகத்துக்கும் 2.8 பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கீரை அப்பத்தா காதில் தண்டட்டி என்னும் கனத்த பழைய நகை போட்டிருக்கிறார். காது தோள் வரை தொங்குகிறது. அந்தத் தண்டட்டி மங்கலாகத் தெரிந்தால் அது அவர் படமே இல்லை. அதனால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எஃப் 5.6இல் எடுத்தேன், அந்தத் தூரத்தில் ஆழம் 30 செ.மீ.க்கு மேல் கிடைக்கிறது. கண்ணும் காதும் நகையும் ஒன்றாகக் கூர்மையாக நின்றன. ஃபோனின் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்துப் பாருங்கள், தண்டட்டிக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அது தடுமாறி, நகையின் ஓரத்தைத் தின்றுவிடும். பின்னணி மங்கலாவதற்காக முகத்தில் உள்ளதை இழக்கக் கூடாது.

லென்ஸின் குறைகள். 1.8இல், வெயில் பட்டு மின்னும் எதிலும் ஊதா விளிம்பு விழும். வைர மூக்குத்தி, வெள்ளை வேட்டியின் ஓரம், நரைமுடி. ஃபோகஸ் தளத்துக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை. 2.8க்கு வந்தால் பெருமளவு போய்விடும். ஃபோகஸ் மோட்டார் முழு அமைதி கிடையாது. வீடியோ எடுத்தால் கேமராவின் மைக்கில் கேட்கும். ஃபோகஸ் வளையம் கையால் திருப்பினாலும் மோட்டார் வழியாகத்தான் ஓடுகிறது, ஆகவே கேமரா அணைந்திருக்கும்போது திருப்பினால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும், அந்த நிலையில் பையில் திணிக்க வேண்டாம். கை நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசர் இதில் இல்லை. முகத்துக்கு அது பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை. எதிரில் இருப்பவரும் அசைவார், அதற்கு எந்த ஸ்டெபிலைசரும் உதவாது. ஷட்டரை 1/200 நொடியைவிட மெதுவாக்காதீர்கள், ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு அளவு) ஏறினால் ஏறட்டும். கிட் லென்ஸ் 55 எம்எம்மில் தரும் 5.6ஐவிட 2.8 நாலு மடங்கு வெளிச்சம் வாங்குவதால், தாழ்வாரத்துக்குள்ளும் எனக்கு ஐஎஸ்ஓ 400, 800க்கு மேல் அதிகம் தேவைப்படுவதில்லை.

இனி எடிட்டிங். இங்கே எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு, ஆனால் முதலில் கருவி. நான் பயன்படுத்துவது டார்க்டேபிள். காசு கிடையாது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ரா கோப்பை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) தொடாமல், செய்த மாற்றங்களைப் பக்கத்தில் தனிச் சிறு கோப்பாக எழுதி வைக்கும், எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம். பழைய மடிக்கணினியில் மெதுவாகத்தான் நகரும், அதற்குத் தயாராக இருங்கள். அதில் உள்ள மாட்யூல்களைப் பார்த்து மிரள வேண்டாம். முகத்துக்கு எக்ஸ்போஷர், கலர் காலிபிரேஷன், சிக்மாய்ட், டோன் ஈக்வலைசர், ரீடச் இந்த ஐந்தும் போதும்.

ஷார்ப்பன் செய்வதைப் பற்றி ஒரே வார்த்தை: அது விளிம்புகளின் வேறுபாட்டைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். காதில் விழுந்த ஃபோகஸைக் கண்ணுக்குக் கொண்டுவர அதனால் முடியாது. சரியாக விழுந்த கண்ணில் மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் குறித்து) லேசாகக் கூட்டுங்கள், கன்னத்துக்கு வேண்டாம்.

நிறம்தான் அதிக நேரம் வாங்கும். எங்கள் வளவைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. சிவப்பும் பச்சையுமான அந்தத் தரையின் பளபளப்பு உட்கார்ந்திருப்பவரின் தாடைக்கடியில் ஏறிவிடும். படம் முழுவதற்கும் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மாற்றினால் நெற்றி கெட்டுவிடும். தாடைக்கடியில் மட்டும் மாஸ்க் வரைந்து கலர் காலிபிரேஷனின் இன்னொரு படியைப் போட்டுச் சரிசெய்கிறேன். எடுக்கும்போதே மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தால் இந்த வேலையில் பாதி குறையும், முகத்துக்குக் கீழிருந்து நல்ல வெளிச்சமும் கிடைக்கும்.

இப்போது அந்தக் கருத்து. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகமும் பின்னால் கறுத்த தேக்குக் கதவும் சட்டத்தை நிரப்பினால் எல்லாவற்றையும் வெளுப்பாக்கும். வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் நிரப்பினால் முகத்தை இருட்டில் தள்ளும். கதவு என்றால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) இறக்குங்கள், சுவர் என்றால் அதே அளவு ஏற்றுங்கள். பிறகு கணினியில் முகத்தின் நிறத்தை அது இருக்கும் இடத்திலேயே விடுங்கள். கறுத்த தோலில் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் ஒரு மினுக்கம் விழுகிறதே, முகத்தின் வடிவமே அதில்தான் இருக்கிறது. வெளுக்கச் செய்தால் அந்த வடிவம் தட்டையாகிவிடும். தோலும் ஆளும் வேறாகிவிடுகிறார்கள். சைக்கிள் கடைப் பெரியவரின் படத்தைப் பிரிண்ட் போடக் கொடுத்தபோது ஒரு லேபில் தாங்களாகவே நாலு படி வெளுக்க வைத்துத் தந்தார்கள். அவர் அதைக் கையில் வாங்கி, “இது யாருத்தா?” என்றார். மறுபடி போட வைத்தேன். அதிலிருந்து எங்கே கொடுத்தாலும் ‘கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்கள்’ என்று கவரின் மேலேயே எழுதிக் கொடுக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். கூடவே உங்கள் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கி வைத்து எடிட் செய்யுங்கள்; இல்லையென்றால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும்.

ரீடச்சில் எனக்கு ஒரு வரம்பு உண்டு. அடுத்த வாரம் இருக்காது என்று தெரிவதை எடுக்கலாம்: பரு, கொசுக்கடி, கண்ணில் விழுந்த முடி. மச்சம், தழும்பு, சுருக்கம் இருக்கட்டும். அயித்தை மட்டும் கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வார், டோன் ஈக்வலைசரில் கால் ஸ்டாப் ஏற்றிக் கொடுக்கிறேன். படம் அவருடையது, அவர் கேட்கலாம்.

வாங்கும்போது ஒன்றிரண்டு. கிட் லென்ஸை 55இல் வைத்து ஒரு வாரம் முகம் மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த அகலம் உங்கள் வீட்டுக்கும் கைக்கும் ஒத்துவந்தால் 50 எம்எம்மும் ஒத்துவரும். 85 எம்எம் 1.8 அருமையான லென்ஸ்தான், ஆனால் சின்ன சென்சாரில் அது 136 எம்எம் போல ஆகிவிடும், வளவிலேயே எனக்கு இடம் போதாது. ஆர் வகை மிரர்லெஸ் பாடி வைத்திருப்பவர்கள் 2020இல் வந்த ஆர்எஃப் 50 எம்எம் 1.8ஐப் பாருங்கள், இஎஃப் லென்ஸை அதில் பூட்டத் தேவைப்படும் அடாப்டர் செலவு மிஞ்சும். பழையது வாங்குகிறீர்கள் என்றால், பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள், பாட்டில் சோதனையை விற்பவர் முன்னாலேயே செய்துவிடுங்கள், ஆட்டோ ஃபோகஸ் கடைசி வரை தடங்கலில்லாமல் போய் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். வாங்கிய பின் மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மருந்துக்கடையில் கேட்டால் மாத்திரை டப்பாக்களில் வரும் பொட்டலங்களைச் சும்மாவே தருவார்கள்.